கலுங்கில் நின்றவள்

ஆடி 2, வெள்ளி

பூச்சி, உன் அப்பா இன்றைக்கும் விடிவதற்குள் குளித்துவிட்டு நெட்டேந்தலுக்குக் கிளம்பிவிட்டார். ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவருக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது. ஆனாலும் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. மின்னலாத்தாவைப் பெத்தவர், போய்விட்டு வரட்டும் என்கிறாராம்.

உனக்கு அங்கே அதுதான் பெயர். பவதாரணி என்று பள்ளிக்கூடத்தில் எழுதின பெயரும் இல்லை, பூச்சி என்று நான் கூப்பிட்ட பெயரும் இல்லை. காலேஜில் ஆறு மாதம் ட்ரெய்னிங் என்று உன்னைக் கண்மாய் வேலை பார்க்கிற சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பினார்கள். நெட்டேந்தல் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கல்லால் கட்டின கலுங்கு இருக்கிறதே, அதன் மேல் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நீ நின்றபோது வைகாசியில் இடி விழுந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை, அதுவும் வானத்து நெருப்பு வந்து எடுத்துக்கொண்டது. அந்த ஊர்க்காரர்கள் உன்னைக் கன்னித் தெய்வம் ஆக்கிவிட்டார்கள்.

நான் இன்னும் அங்கே போகவில்லை. உன்னை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

ட்ரெய்னிங்கில் ஒவ்வொரு நாளும் செய்த வேலையை எழுதி என்ஜினியரிடம் கையெழுத்து வாங்குவாய். அதுபோல நானும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாவது படித்த கை, கோணலாகத்தான் வருகிறது. அரிசி ஊறப் போட்டேன். கிரைண்டர் பெல்ட் கத்துகிறது. இன்றைக்குச் செய்த வேலை இவ்வளவுதான்.

ஆடி 5, திங்கள்

உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஆடி 6, செவ்வாய்

நெட்டேந்தலிலிருந்து இரண்டு பெண்கள் மினி பஸ் பிடித்து வந்து இட்லி மாவு வாங்கினார்கள். அவர்கள் ஊரிலேயே மாவு விற்கிறார்கள். ஒருத்தி பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்றாம் வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம், முதல் அகப்பை நான் ஊற்ற வேண்டுமாம். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பக்கத்து வீட்டு ராக்கு மதினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "இனிமே ஒம் மாவு புளிச்சுக் கெடந்தாலும் ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாக, வெள்ளையம்மா" என்றாள். நான் சிரித்தேன். பிறகு வாசலில் நிற்க முடியவில்லை. உள்ளே வந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினேன்.

நீ படம் வரைகிற பெரிய பலகையைச் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன். சோறு ஆறுகிறது என்று எத்தனை தடவை கத்தினாலும் போட்ட கோட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய்.

ஆடி 8, வியாழன்

ஒரு பெண் வந்தாள். அரைக் கிலோ மாவு கேட்டாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். ஹாஸ்டலில் இருக்கிறவளுக்கு மாவு எதற்கு என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

பெயர் நாகஜோதி. உன் காலேஜ்தான், உனக்கு ஒரு வருடம் கீழே. இப்போது ட்ரெய்னிங்குக்கு அதே ஆபீசில் அவளைப் போட்டிருக்கிறார்கள். உன்னை அக்கா என்கிறாள். நீ அவளுக்கு டிராயிங் பென்சில் சீவச் சொல்லிக் கொடுத்தாயாம்.

உட்காரச் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். கலுங்கில் ஒரு கல்லில் நீ உளியால் கோடு வெட்டி, பக்கத்தில் பெயிண்டால் உயரம் எழுதி வைத்திருந்தாயாம். கடல் மட்டத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்ற கணக்காம். எனக்குப் புரியவில்லை என்றேன். அவள் என் கிரைண்டரைக் காட்டினாள்.

"இதை வைக்கும்போது தரையில ஒரு இடத்தை மட்டம்னு வச்சுக்கிட்டுதானே மத்த பக்கம் கட்டை குடுத்தீங்க? அது மாதிரிம்மா. அந்த வட்டாரத்துல அந்த ஒரு கோட்டோட உயரந்தான் நிச்சயமா தெரியும். அக்கா மெயின் ரோட்டுல உயரம் குறிச்சிருந்த கல்லுலருந்து நாள்கணக்கா அளந்து அளந்து அங்க கொண்டு வந்து வச்சது. அந்த ரோட்டுக் கல்லும் இப்போ ரோடு அகலமாக்குனதுல போயிருச்சு. கலுங்கு ஒரு பக்கம் ஒடைஞ்சு கெடக்கு. ஐப்பசி மழைக்குள்ள கட்டணும். அக்கா கோட்டுலருந்துதான் கட்ட முடியும்."

ஒரு முழம் தாழ்ந்து கட்டினால் கண்மாய் நிறையாது, ஒரு முழம் உயர்ந்தால் கரைக்கு உள்பக்கம் இருக்கிற காலனி வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்றாள். ஆனால் அந்தக் கல்தான் இப்போது மின்னலாத்தா. மஞ்சள் பூசிப் பாவாடை கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் அளவுகோலை ஊன்ற ஊர் விடவில்லை. ஆத்தா தலையில் கட்டையை வைப்பதா என்று விரட்டிவிட்டார்களாம். பெற்றவள் வந்து சொன்னால் யோசிக்கிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரு கோலைப் பிடிச்சுக்கிட்டு அங்க நிக்கப் போறது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா."

எழுந்து போ என்றேன். அவள் மாவுப் பாக்கெட்டைத் திண்டாட்டத்தோடு பிடித்துக்கொண்டு போனாள். அதை ஹாஸ்டலில் என்ன செய்திருப்பாள் என்று தெரியவில்லை.

ஆடி 9, வெள்ளி

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். முன்பெல்லாம் நெட்டேந்தல் பக்கம் மூட்டை இறக்கப் போனால் டீக்கடையில் யாரும் இவரை ஏன் என்று கேட்க மாட்டார்கள். இப்போது பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்கிறார்களாம். அதையும் அவரே சொன்னார், சந்தோஷமாகச் சொன்னார். மறுசோறு போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வைகாசிக்குப் பிறகு அவர் மறுசோறு வாங்கினது இன்றைக்குத்தான்.

ஆடி 13, செவ்வாய்

மத்தியானம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அமலதாஸ் சார் வந்தார். உன் என்ஜினியர். கூட நாகஜோதி. சார் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட மெலிந்துபோயிருக்கிறார். நான் கிரைண்டரை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கலுங்கு வேலையைப் பற்றிச் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் அன்னைக்குக் கூப்பிட்டேம்மா. மேகம் கறுத்ததும் எறங்கி வான்னு கத்தினேன். கையையும் காட்டினேன். ஒரே ஒரு ரீடிங் சார்ன்னு சொல்லிச்சு" என்றார்.

நான் கிரைண்டரை நிறுத்தினேன்.

"எம் புள்ள கூப்புட்ட குரலுக்கு எந்திரிச்சு வர்றவ சார். ஒங்க வேலைக்காக எம் புள்ள மேல பழி போடாதீக."

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுக்கவில்லை. படி இறங்கின பிறகு நாகஜோதியிடம் சொம்பைக் கொடுத்து அனுப்பினேன்.

அரைத்த மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை.

ஆடி 16, வெள்ளி

கூழ் ஊற்றப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அப்பா புதுச் சேலை எடுத்து வந்து கட்டிலில் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றார்.

கண்மாய் வறண்டு கிடக்கிறது. கரை மேல் நடந்து போனோம். காற்று ஆளைத் தள்ளுகிறது. கலுங்கு என்று நீ சொல்லும்போதெல்லாம் பெரிய அணை போல நினைத்திருந்தேன். என் இடுப்பு உயரம்கூட இல்லை. நீளமான ஒரு கல் வரிசை, ஒரு முனை உடைந்து சரிந்திருக்கிறது. நடுவில் தகரக் கொட்டகைக்குக் கீழே நீ.

பச்சைப் பாவாடை. ஜரிகை வைத்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எடுத்த அளவு. மேலே மஞ்சள், குங்குமம், எண்ணெய், வேப்பிலை. காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உன்னிடம் அழுதுகொண்டிருந்தாள். நான் உன் எழுத்து எங்கேயாவது தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் விலகி வழி விட்டார்கள்.

அந்த ஊர் அம்பலகாரர் மாயழகு அண்ணன் எனக்குக் குடை பிடிக்க ஆள் போட்டார். ஊரில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. எழுத்து எங்கே என்று கேட்டேன். "ஆத்தா எழுத்து தங்கச்சி. பொம்பளைக தடவித் தடவி உள்ளுக்குள்ள போயிருச்சு" என்றார், பெருமையாக.

முதல் அகப்பை ஊற்றினேன். காலனிப் பிள்ளைகள்தான் தூக்குச் சட்டியோடு முன்னால் நின்றார்கள். கரைச் சரிவு முடிகிற இடத்திலேயே அவர்கள் வீடுகள். திரும்பும்போது அந்த வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழைய வெள்ளத்தின் கறை ஒரு ஆள் முழங்கால் அளவுக்கு இருக்கிறது.

ஒரு பெண்ணின் காலில் என் கால் பட்டுவிட்டது. அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கிளறினேன். யாருக்கு என்று யோசிக்காமல் நிறையக் கிளறிவிட்டேன். ஹாஸ்டல் வாசலில் போய் நின்று நாகஜோதியைக் கூப்பிட்டு டப்பாவைக் கொடுத்தேன். அவளைத் திட்டி அனுப்பினவள் நான். அவள் அதை ஞாபகம் வைத்தவள் போலத் தெரியவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தேங்காய்ச் சாதத்தை முதலில் முடித்தாள். நீ எலுமிச்சையை முதலில் முடிப்பாய்.

ஆடி 22, வியாழன்

நாகஜோதி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். உளுந்து களையும்போது கூட உட்கார்ந்து தோல் தள்ளினாள். ஆபீசில் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

ஜெராக்ஸ் எடுப்பதாம். யாராவது ரிட்டயர் ஆனால் மாலை வாங்கி வருவதாம். போன வாரம் கேக் வெட்டும்போது தட்டு எடுத்துக் கொடுத்தாளாம். உனக்கு நடந்ததற்குப் பிறகு பெண் பிள்ளைகள் யாரையும் வெளி வேலைக்கு அனுப்புவது இல்லையாம். கூட வந்த பையன்கள் மட்டும் ஜீப்பில் ஏறிப் போகிறார்களாம்.

"அக்கா கோடு தொறந்தாத்தான் சார் என்னை வெளிய கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. இல்லாட்டி ஆறு மாசம் கழிச்சு என்ன கத்துக்கிட்டன்னு கேட்டா, கேக் நல்லா வெட்டுவேன்னுதான் சொல்லணும்."

உயிர் போனால் என்ன கற்றுக்கொள்வாய் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கையிலிருந்த உளுந்துத் தோலை உதறிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இப்போ மரக்கோலுதாம்மா எடுப்போம், அலுமினியம் கெடையாது. தூரத்துல ஒரு உறுமல் கேட்டாலே போட்டுட்டு எறங்கிரணும். சார் எங்ககிட்ட எழுதி வாங்காத குறை."

எங்ககிட்ட என்கிறாள். இவள் இன்னும் ஒரு நாள்கூட வெளியே போகவில்லை.

ஆடி 26, திங்கள்

மத்தியானம் மேற்கே கறுத்தது. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். நாகஜோதி வெளியே போயிருப்பாளோ என்று தோன்றிவிட்டது. போக மாட்டாள், ஊர் விடாது, தெரியும். தெரிந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள். அவ்வளவு பத்திரமாக இருந்தாள்.

அவளைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ கோபம் வந்தது.

மழை பெய்யவில்லை. திரும்பி வந்து மீதி அரிசியை அரைத்தேன்.

ஆடி 28, புதன்

நெட்டேந்தலுக்குப் போய், அளக்க விடச் சொல்லப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் சாப்பிட்ட தட்டில் கையை வைத்தபடியே இருந்தார். கை காய்ந்துவிட்டது. "நீ வீட்டுக்குள்ளயே இருந்துகிட்டு அவ செத்துட்டா செத்துட்டாங்கற. அந்த ஊருல ஒரு ஆளு அப்புடிச் சொல்றதில்ல தெரியுமா" என்றார்.

 "ஏங்க, அங்க பாவாடை கட்டி நிக்கிறது எட்டு வயசுப் புள்ள. நம்ம புள்ளைக்கு இருபது ஆகப் போகுது" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஆவணி 1, ஞாயிறு

இரண்டு பேருமாகத்தான் போனோம். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. மினி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே வந்தார்.

அம்பலகாரர் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. நான் பேசிப் பழக்கம் இல்லாதவள். என் மகள் கோடு வெட்டினது அளக்கத்தான், கும்பிட இல்லை, அளந்து முடித்த பிறகு நீங்கள் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன் என்றேன். கலுங்கு கோணலாகக் கட்டிக் காலனிக்குள் தண்ணீர் வந்தால் அந்தப் பாவமும் அவள் பெயரில்தானே சேரும் என்று கேட்டேன். இதைக் கேட்டதும் காலனிப் பக்கம் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு கிழவி, சர்க்கார் ஆபீசில் எனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டாள். உன் அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் அப்படிப் பேசவில்லை.

அம்பலகாரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேற ஒரு புள்ள வந்து ஆத்தா தலையில கோலை ஊண்ட நாங்க விட முடியாது தங்கச்சி. ஊரு தாங்காது. நீ ஊண்டு. எண்ணெ வச்சுத் தலை சீவி விட்ட கையி. ஒன்னய ஆத்தா ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆவணி 2, திங்கள்

நாகஜோதி வீட்டுக்கே மரக்கோலைக் கொண்டு வந்து பழக்கினாள். என்னைவிட இரண்டு மடங்கு உயரம். கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்டிருக்கிறது. நட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும், அசைக்கச் சொன்னால் மட்டும் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். கொல்லையில் நின்று பிடித்துப் பார்த்தேன். கொடிக்கயிற்றில் மாட்டிக்கொண்டு உன் அப்பா வேட்டி கீழே விழுந்தது. ராக்கு மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "சர்க்கார் உத்தியோகம் கெடச்சிருச்சா வெள்ளையம்மா?" என்று கேட்டாள். நாகஜோதிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

என்னிடம் கோல் வந்துவிட்டதால் தூரத்தில் நின்று கோலின் அளவைப் பார்க்கிற மிஷினில் சார் அவளைப் போட்டுவிட்டாராம். கோல் பிடிப்பதைவிட அது பெரிய வேலையாம். அங்கிருந்து தான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் நான் கோலைப் போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று அவள் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

ஆவணி 4, புதன்

காலையில் போனோம். தகரக் கொட்டகையை ஊர்க்காரர்களே பிரித்து வைத்திருந்தார்கள். பாவாடையை அவிழ்த்து மடித்து உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கரையில் போய் நின்றார். சீயக்காய் கரைத்துக் கொண்டு போயிருந்தேன். எண்ணெய் இறங்க இறங்கத் தேய்த்தேன். சிவப்பாக வந்தது. நீ எழுதின பெயிண்ட் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கையை எடுத்தேன். குங்குமம்தான். பெயிண்ட் எப்போதோ போய்விட்டது. அடியில் கோடு மட்டும் இருந்தது. உளி வைத்து வெட்டின நேர்கோடு, அதைப் பார்த்தபடி ஒரு அம்பு. எண் ஆபீசில் இருக்கிறது, கோடுதான் வேண்டும் என்று நாகஜோதி கரையிலிருந்து சொன்னாள். விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது.

ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, கோட்டின் மேல் கோலை ஊன்றி நிமிர்ந்து நின்றேன். ஒரு பெண் குலவை போட்டாள். யாரோ அவளை அதட்டினார்கள்.

நாகஜோதி மூன்று கால் மிஷினில் குனிந்து பார்த்தாள். அசையுங்கள் என்றாள், அசைத்தேன். சார் எழுதிக்கொண்டார். ஒரு தடவை முடிந்தது. சரிபார்க்க மிஷினை இடம் மாற்றி இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்துவதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் கோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். சாய்ந்தது, நிறுத்தினேன். ஒரு நேரத்தில் காற்று விட்டது. கோல் அசையாமல் நின்றது. என் கையும் கல்லும் கோலும் ஒன்றாக நின்றன. நாகஜோதி குனிந்தாள்.

அப்போது உறுமியது. ரொம்ப தூரத்தில்தான்.

அவள் நிமிர்ந்து இரண்டு கையையும் தூக்கினாள். "போட்டுட்டு எறங்குங்கம்மா" என்று கத்தினாள். சாரும் கத்தினார். நான் அவர்களைப் பார்த்தேன். கோலைப் பார்த்தேன். இவ்வளவு நேராக நிற்கிறது, இப்போது விட்டால் மறுபடி முதலிலிருந்து என்று தோன்றியது. பார்த்து முடிக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. உயிர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. பயம் இல்லை. நன்றாகக்கூட இருந்தது.

உன் அப்பா ஓடி வந்து என் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார். கோல் கல்லில் அடித்துக் கீழே விழுந்தது. "நீயுமாடி" என்றார். மடித்துக் கொடுத்த பாவாடை கண்மாய்க்குள் பறந்து போயிருந்தது. அதை எடுக்க அவர் போகவில்லை. என் கையை விடாமல் கரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

மழை வரவில்லை. மேகம் கிழக்கே போய்விட்டது. நாகஜோதி அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், கை தூக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்டாள். வீட்டில் பெரியவர்கள் பேசுவது போலப் பேசினாள். நாளைக்கு வெயில் இருக்கும்போது மறுபடி பார்க்கலாமாம். நாளைக்குக் கோல் பிடிக்க அவளே நிற்கட்டும் என்று அம்பலகாரர் தானாகச் சொல்லிவிட்டார். அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது.

அமலதாஸ் சார் கரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போனேன். அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நின்றேன்.  தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பூச்சி, இறங்குங்கள் என்று அவர்கள் கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் நான் நின்றேன். உனக்கும் கேட்டதாடி?